கண்மணியில் நரம்பைக் கண்டவர்

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக நாங்கள் பச்சைமலைக்குச் சென்றிருந்தோம். துறையூரைத் தாண்டி, சோபனபுரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பேருந்து முக்கி முனகிச் சென்றது. இருமருங்கும் மரவள்ளித் தோட்டங்களும் பலா மரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாய் இருந்தன. மலையூர் ஒன்றின் பள்ளித் தாழ்வாரத்தில் கண் மருத்துவ முகாம். பெயர்களை எழுதுவதும், முதியவர்களைக் கைபிடித்து அழைத்து வந்து அமர்த்துவதும் எங்கள் பணி.

அன்று இரண்டு பாட்டிமார் அடுத்தடுத்து வந்தார்கள். இருவருக்கும் வலக்கண்ணில் புரை முற்றி, கண்மணி பால்போல் வெளுத்திருந்தது. எங்கள் பார்வைக்கு இருவர் கண்ணும் ஒன்றுபோலவே தோன்றின. மருத்துவர் சன்னலைச் சாத்தச் சொன்னார். சட்டைப்பையிலிருந்த சிறு டார்ச் விளக்கை எடுத்து ஒரு கண்ணில் காட்டினார். பிறகு மறு கண்ணில். மீண்டும் முதற் கண்ணில். அவ்வளவுதான். முதல் பாட்டியின் சீட்டில் அறுவை சிகிச்சை என்று எழுதினார். இரண்டாம் பாட்டியிடமோ, அந்தக் கண்ணில் கத்தி வைப்பதால் பயனில்லை என்றும், இருக்கிற மற்றக் கண்ணை உடனே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஒரு கண்ணுக்காவது மருந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு சிறு விளக்கொளி இப்படி ஒருவருக்கு நம்பிக்கையையும் மற்றொருவருக்கு உண்மையையும் எப்படிச் சொல்லிற்று? மாலையில் இதை மருத்துவரிடமே கேட்டோம். கண்மணி சுருங்குவதைப் பார்த்தேன் என்றார். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவர்களுள் ஒருவர் கடல் கடந்து வந்து நம் இந்திய மண்ணிலேயே சாம்பலானவர் என்றும் சொன்னார். அந்தப் பெரியவரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை நம் பள்ளி மலரில் பகிர்ந்துகொள்வதில் மகிழ்கிறோம். அவர் பெயர் டக்ளஸ் ஆர்கைல் ராபர்ட்சன்.

பாவை என்னும் பலகணி

வரலாற்றுக்குள் புகுமுன் கண்மணியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். கண்ணின் நடுவே கரும்புள்ளியாய்த் தெரிவது ஒரு பொருளன்று; அது ஒரு துளை. ஐரிஸ் என்னும் நிறத் திரையின் நடுவிலுள்ள பலகணி. வெளிச்சம் மிகுந்தால் 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கும். இருட்டில் 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். ஒருவர் கண்ணுக்குள் உற்று நோக்கினால் நம் உருவம் சிறு பொம்மைபோல் அங்கே தெரியும். அதனால்தான் நம் முன்னோர் அதனைப் பாவை என்றார்கள். வள்ளுவரும் கண்மணியின் பாவையைப் பாடியிருக்கிறார். வியப்பு என்னவென்றால், இலத்தீன் மொழியிலும் அதற்குச் சிறுபெண், பொம்மை என்னும் பொருளுடைய பெயரே வழங்கிற்று. ஆங்கிலத்தில் மாணவிக்கும் கண்மணிக்கும் ‘பியூப்பில்’ என்று ஒரே சொல் வழங்குவதை நாம் அறிவோம்.

பாவை சுருங்குவது நம் விருப்பத்தால் நடப்பதன்று. அது ஓர் அனிச்சைச் செயல். விழித்திரையில் விழும் ஒளியின் செய்தி பார்வை நரம்பின் வழியாக நடுமூளையை அடைகிறது. அங்கிருந்து மூன்றாம் மூளை நரம்பின் வழியாகக் கட்டளை திரும்பி வந்து ஐரிஸின் தசையைச் சுருக்குகிறது. போவது ஒரு வழி, வருவது ஒரு வழி. ஒரு கண்ணில் மட்டும் ஒளியைக் காட்டினாலும் இரு கண்மணிகளும் சேர்ந்தே சுருங்கும். ஏனெனில் நடுமூளை இரு கண்களுக்கும் ஒருசேரக் கட்டளை இடுகிறது. இந்த வழியில் எங்கே பழுது நேர்ந்தாலும் பாவையின் அசைவில் அது தெரிந்துவிடும். மண்டையைத் திறக்காமலே மூளையின் ஒரு பகுதியைச் சோதிக்கும் வழி இது!

இப்போது பாட்டிமாரின் கதை விளங்கும். கண்புரை என்பது தேய்த்த கண்ணாடி போன்றது. உருவத்தை அது மறைக்கும். ஒளியை முற்றிலும் தடுக்காது. ஆகவே விழித்திரையும் நரம்பும் நலமாக இருந்தால் புரை முற்றிய கண்ணிலும் பாவை சுறுசுறுப்பாகச் சுருங்கும். முதல் பாட்டிக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டாம் பாட்டிக்கோ, நல்ல கண்ணிலிருந்து பழுதுற்ற கண்ணுக்கு விளக்கை மாற்றியபோது, சுருங்க வேண்டிய பாவைகள் மெல்ல விரிந்தன. புரைக்குப் பின்னால் நரம்பே பட்டுப்போயிருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். புரையை எடுத்தாலும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது.

இளமையும் கல்வியும்

ஆர்கைல் ராபர்ட்சன் 1837-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஆர்கைல் ராபர்ட்சனும் அறுவை மருத்துவரே. 1822-இல் அந்நகரில் தொடங்கப்பட்ட ஏழையர் கண் மருந்தகத்துக்கு வித்திட்டவர் அவர். வரிசையில் காத்திருக்கும் ஏழைக் கண் நோயாளிகளைப் பற்றி வீட்டில் கேட்டே வளர்ந்த மகன், தந்தையின் வழியையே தேர்ந்தெடுத்தார். ஜெர்மனியில் நாயுவீட் என்னும் ஊரிலும், பின்னர் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களிலும் பயின்று, 1857-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

பட்டம் பெற்றதோடு படிப்பு முடிந்துவிட்டது என்று அவர் எண்ணவில்லை. கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல்தான் கண்டுபிடித்திருந்தார். அக்கருவியைக் கொண்டு கண் மருத்துவத்தையே புதுப்பித்துக்கொண்டிருந்தவர் பெர்லின் நகரப் பேரறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே. அவரிடம் சென்று பயின்று, எடின்பரோவுக்குத் திரும்பினார் ஆர்கைல் ராபர்ட்சன். அந்நாளில் பொது அறுவை மருத்துவரே கண்ணையும் பார்ப்பது வழக்கம். கண் ஒன்றையே தம் பணியாகக் கொண்டு ஸ்காட்லாந்தில் பெயர் பெற்ற முன்னோடி இவர்.

தம் கண்ணையே தந்தவர்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில், கலபார் என்னும் ஊர் உண்டு. அவ்வூரில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நச்சு அவரை விதை ஒன்றை உண்ணக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. அந்த விதை எடின்பரோ ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஃபிரேசர் என்ற நண்பர், அது கண்மணியைச் சுருக்குகிறது என்று ஆர்கைல் ராபர்ட்சனிடம் தெரிவித்தார்.

அந்நாளில் கண்மணியை விரிக்க மருந்து இருந்தது. பெலடோனா என்னும் செடியிலிருந்து எடுத்த அட்ரோபின் அது. ஆனால் சுருக்க நல்ல மருந்து இல்லை. 1863-இல் ஆர்கைல் ராபர்ட்சன் அந்த விதையின் சாற்றைத் தம் கண்ணிலேயே விட்டுப் பார்த்தார். நினைத்துப் பாருங்கள், மாணவியரே! கண் மருத்துவருக்குக் கண்ணே கருவி, கண்ணே பிழைப்பு. உயிரைக் கொல்லும் விதையின் சாற்றை அந்தக் கண்ணிலே விடுவதற்கு எத்தகைய துணிவு வேண்டும்!

சற்று நேரத்தில் தொலைவிலுள்ளவை மங்கின. அருகிலுள்ளவை மட்டும் தெளிவாயின. கண்மணி சுருங்கிச் சுருங்கிச் சிறு புள்ளியானது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்தார். அட்ரோபின் செய்வதற்கு நேர்மாறானதை இது செய்கிறது என்று கண்டு எழுதினார். அன்று அவருக்கு வயது இருபத்தாறுதான்.

அந்தச் சாற்றின் சாரமான ஃபைசோஸ்டிக்மின் பின்னாளில் கண் நீர் அழுத்த நோய்க்கு முதல் மருந்தாகப் பயன்பட்டது. அதோடு நிற்கவில்லை. 1934-இல் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், தசைகள் களைத்துச் சோர்ந்து இமைகூடத் தூக்க முடியாமல் வருந்தும் மயஸ்தீனியா நோயாளிக்கு இம்மருந்தைக் கொடுத்தார். தொங்கிய இமை எழுந்தது! மேரி வாக்கர் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவியல்லர்; லண்டன் அருகே ஏழையருக்கான மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர். மனிதரைக் கொல்லப் பயன்பட்ட விதை மனிதரைக் காக்கும் மருந்தாயிற்று.

ஒளியை மறந்த கண்மணி

இனி, அவர் பெயரை நிலைக்கச் செய்த ஆண்டுக்கு வருவோம். எடின்பரோ அரச மருத்துவமனையில் 1867 முதல் துணைக் கண் மருத்துவராக அவர் பணியாற்றி வந்தார். ஒருநாள் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். அவருக்குக் கால்களில் உணர்வு குன்றி நடை தடுமாறியது. தண்டுவடத்தில் நோய் என்பது தெரிந்தது. கண்மணிகள் இரண்டும் மிகச் சிறுத்திருந்தன. ஒளியைக் காட்டினால் அவை அசையவில்லை. பெரும்பாலோர் இத்தோடு விட்டிருப்பார்கள். ஆர்கைல் ராபர்ட்சன் இன்னும் ஓர் அடி சென்றார். அருகிலுள்ள பொருளை உற்று நோக்கச் சொன்னார். உடனே பாவைகள் மேலும் சுருங்கின!

இதன் பொருள் என்ன? தசை செத்துப்போகவில்லை. அதற்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பும் கெடவில்லை. நோயாளிக்குப் பார்வையும் இருந்தது. ஆயினும் ஒளி இட்ட கட்டளை மட்டும் போய்ச் சேரவில்லை. ஆகவே பழுது கண்ணில் இல்லை. நரம்பு மண்டலத்தின் உள்ளே எங்கோ இருக்கிறது.

1869-இல் அந்த ஒருவரைப் பற்றி முதற் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் நான்கு நோயாளிகளின் செய்தியைச் சேர்த்து இரண்டாம் கட்டுரை வெளியிட்டார். அதே 1869-இல்தான் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பெண்கள் முதன்முறையாக மருத்துவம் பயிலப் பெயர் பதிந்தார்கள் என்பதையும் நாம் பெருமையுடன் நினைவு கூர்வோம்.

ஒளிக்கு அசையாமல், அருகே நோக்கும்போது மட்டும் சுருங்கும் அந்தச் சிறிய கண்மணிக்கு உலகெங்கும் மருத்துவர்கள் ஆர்கைல் ராபர்ட்சன் கண்மணி என்றே பெயரிட்டார்கள். அது சிஃபிலிஸ் என்னும் தொற்றுநோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியதன் அடையாளம் என்று பின்னர் தெளிவாயிற்று. அந்நோயின் கிருமி 1905-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தச் சோதனை 1906-இல்தான் வந்தது. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, விளக்கொளியை மட்டும் கொண்டு, உள்ளே மறைந்திருந்த நரம்பு நோயின் அறிகுறியை அவர் வகுத்துக் காட்டிவிட்டார். பென்சிலின் மருந்து பரவிய பின்னர் அத்தகைய கண்மணியைக் காண்பதே அரிதாயிற்று. ஆயினும் மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரைப் படிக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழுது தண்டுவடத்தில் இருக்கிறது என்றே அவர் கருதினார். அது நடுமூளையில் என்று பின்வந்தோர் கண்டார்கள். அவருடைய விளக்கம் தவறியது. ஆனால் அவர் கண்ட காட்சி தவறவில்லை. கண்டதைக் கண்டபடியே கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைத்ததனால்தான் பின்வந்தோர் அவ்விளக்கத்தைத் திருத்த முடிந்தது.

இந்த ஆய்வுக்கு அந்நகரிலேயே ஒரு முன்னோடியும் உண்டு. ராபர்ட் வைட் என்ற எடின்பரோ பேராசிரியர் 1751-இல் வெளியிட்ட நூலிலேயே, மூளை நோயினால் கண்மணி ஒளிக்கு அசையாமல் போன ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றொருவர் ஏற்றுவதுபோல அறிவும் வளர்கிறது.

புகழும் பணியும்

1870-இல் அரச மருத்துவமனையின் கண் மருத்துவரானார். இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1885-இல் எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவரானார். அவரை அடுத்து அப்பதவியில் அமர்ந்தவர் யார் தெரியுமா? ஜோசப் பெல். நோயாளியின் நடையையும் கையையும் பார்த்தே தொழிலையும் ஊரையும் சொல்லிவிடுவாராம் அவர். அவரை மனத்தில் வைத்தே கானன் டாயில் தம் துப்பறியும் நாயகர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தார். இருவரும் ஒரே நகரில் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். உற்று நோக்குதல் என்பது அக்கல்லூரியின் காற்றிலேயே கலந்திருந்தது போலும்!

விக்டோரியா அரசியாருக்கும், பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னருக்கும் ஸ்காட்லாந்தில் இவரே கண் மருத்துவர். 1894-இல் எடின்பரோவில் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டுக்கும் தலைமை வகித்தார். கோல்ஃப் ஆட்டத்திலும் வில்வித்தையிலும் தேர்ந்தவர். உயர்ந்த தோற்றமும் இன்முகமும் உடையவர் என்று அறிகிறோம்.

நம் தமிழ்நாட்டோடும் அவர் பணிக்கு ஒரு தொடர்பு உண்டு. கண்ணில் நீரழுத்தம் மிகும்போது விழியின் வெண்படலத்தில் சிறு துளையிட்டு அதனைக் குறைக்கலாம் என்று 1876-இல் அவர் முயன்றார். அம்முறை அன்று நிலைபெறவில்லை. பின்னர் சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையின் தலைவர் ராபர்ட் ஹென்றி எலியட், துளையிடும் இடத்தை மாற்றி, 1909-இல் அதனைச் செம்மையான சிகிச்சையாக்கினார். எடின்பரோவில் விதைத்தது சென்னையில் பலன் தந்தது. ஆனால் அந்த வெற்றியைக் காண ஆர்கைல் ராபர்ட்சன் உயிரோடு இல்லை.

மாணவர் செய்த இறுதிக் கடன்

அவருக்கு இந்திய மாணவர் ஒருவர் இருந்தார். குசராத்தில் சௌராட்டிரப் பகுதியிலுள்ள கொண்டல் என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசர் பகவத்சிங்ஜி. அரியணையில் இருந்தவரே எடின்பரோவுக்குச் சென்று, மற்ற மாணவர்களோடு அமர்ந்து மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். நம் நாட்டின் பழைய மருத்துவ வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். தம் நாட்டில் பெண் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தார். இத்தகைய மாணவர் மீது ஆசிரியருக்கு மிகுந்த அன்பு. ஓய்வு பெற்று ஜெர்சித் தீவில் வாழ்ந்த ஆர்கைல் ராபர்ட்சன், மாணவரைக் காணக் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தார், ஒருமுறையன்று, பலமுறை.

இறுதியாக வந்தபோது கொண்டலிலேயே நோயுற்று, 1909-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. பிறந்த நாடு ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. கொண்டலி ஆற்றங்கரையில் சிதை அடுக்கப்பட்டது. மகன் செய்ய வேண்டிய கடனை மாணவர் செய்தார். அரசராகிய பகவத்சிங்ஜி தம் கையாலேயே ஆசிரியரின் சிதைக்குத் தீ மூட்டினார். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நாம் வரிசை சொல்கிறோம். அந்த மூன்றாம் இடத்தின் பெருமையை இதைவிட எப்படி உணர்த்த முடியும்?

இன்றும் அணையாத விளக்கு

ஆர்கைல் ராபர்ட்சன் கண்ணால் பார்த்து எழுதியதை இன்று கருவிகள் அளக்கின்றன. அகச்சிவப்புக் கதிரை நம் கண் உணர்வதில்லை. அதனால் கண்மணியும் அதற்கு அசையாது. அந்தக் கதிரால் கண்மணியைப் படமெடுத்தபடியே ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சுருங்கத் தொடங்க எத்தனை நேரம் பிடித்தது, எவ்வளவு சுருங்கிற்று, எவ்வளவு விரைவாக என்பதெல்லாம் எண்களாக வந்துவிடுகின்றன. நலமான கண் ஒளி பட்டுச் சுமார் கால் நொடிக்குள் அசையத் தொடங்கும். தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவருக்கு ஒரு பக்கத்துக் கண்மணி விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றால், மூளை வீங்கி மூன்றாம் நரம்பை அழுத்துகிறது என்ற எச்சரிக்கை அது. அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் காப்பாற்றப்படலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் மணிக்கு மணி விளக்குப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் பச்சைமலை போன்ற ஊர்களில் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. அங்கே சட்டைப்பை டார்ச் விளக்கும், பார்க்கத் தெரிந்த கண்ணுமே போதுமானதாய் இருந்தன. மூன்று வாரம் கழித்து முதல் பாட்டி பார்வை பெற்றுப் பேத்தியின் முகத்தைத் தடவிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டோம். இரண்டாம் பாட்டி மற்றக் கண்ணுக்கு ஒழுங்காக மருந்து விட்டுக்கொள்கிறார் என்றும் அறிந்தோம். எங்களுக்கு இரண்டுமே வெற்றியாகத்தான் தோன்றுகின்றன. பொய்யான நம்பிக்கை கொடுக்காமல் இருப்பதும் மருத்துவத்தின் கருணையே.

அன்பு மாணவியரே! பரிசோதனைக் கூடத்திலும் வீட்டிலும் நாள்தோறும் எத்தனையோ காட்சிகள் நம் கண்முன் கடந்து செல்கின்றன. பார்த்தோம் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். ஆர்கைல் ராபர்ட்சன் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார். ஒளிக்கு அசையாத கண்மணி அருகே நோக்கும்போது என்ன செய்கிறது என்ற அந்த ஒரு கேள்விதான் அவரை அழியாதவராக்கிற்று. நாமும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்போம். நமக்குக் கற்பித்தவர்களை மறவாதிருப்போம். நம்முள் யாரேனும் ஒருத்தி நாளை அந்தச் சிறு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மலையூர்த் தாழ்வாரம் ஒன்றில் நிற்பாளாயின், கொண்டலி ஆற்றங்கரையில் கரைந்த அந்த நல்லவரின் உழைப்பு வீண் போகவில்லை என்று மகிழலாம்.